சோளப் பூவின் வெறும் பையைக் கண்டவர்

சாயல்குடி, கடலாடி பக்கம் மானாவாரியில் வீரிய ஒட்டுச் சோளம் போட்ட சிலர், களத்தில் நல்ல கதிராக ஒதுக்கி, மறு வருஷம் அதையே விதைத்துப் பார்ப்பதுண்டு. பயிர் நெட்டையும் குட்டையுமாக வரும். சில கதிரில் மணி சரியாகப் பிடிக்காது. கோபம் விதைக்கடைக்காரர் மேல் திரும்பும். காரணம் பூவுக்குள் இருக்கிறது. அதற்குள் முதலில் எட்டிப் பார்த்தவர்களில் ஒருவர் கோவையில் வேலை செய்த ராவ்பகதூர் ஜி.என்.ரங்கசாமி அய்யங்கார்.

கோவையில் 1923-ல் சிறுதானியப் பயிர்ப்பெருக்க நிலையம் தொடங்கியது. சென்னை மாகாணத்தின் சிறுதானிய நிபுணராக அங்கே அவர் பல ஆண்டுகள் இருந்தார். நெல்லுக்கும் கரும்புக்கும் கிடைத்த மதிப்பு சோளம், கம்புக்குக் கிடைக்காத காலம் அது. தட்டையில் சாறு உண்டா, சக்கையா என்பது இலை நடுநரம்பின் நிறத்தோடு சேர்ந்து வருவதுவரை ஒவ்வொரு குணத்தையும் அவர் குழுவினர் தலைமுறை தலைமுறையாக எண்ணிப் பதிவு செய்தார்கள். நரம்பு வெள்ளையாக இருந்தால் தட்டை சக்கை. மாட்டுக்குத் தட்டை போடுகிறவர்களுக்கு இது இன்றும் உதவும்.

1937-ல் அவரும் பி.டபிள்யூ.எக்ஸ்.பொன்னையாவும் ஒரு விநோதத்தை எழுதினார்கள். சில சோளக் கதிர்களில் மகரந்தப்பை இருக்கிறது, உள்ளே தாது இல்லை. வெளித் தாது பட்டால் மணி பிடிக்கிறது. இந்தக் குணம் ஒரே ஒரு ஒடுங்கு மரபணுவால் வருகிறது. எம்.எஸ்.1 என்று அந்த மரபணுவுக்குப் பெயர்.

சோளம் பெரும்பாலும் தன் தாதுவாலேயே மணி பிடிக்கும் பயிர். ஒட்டு விதை எடுக்க ஒவ்வொரு சிறு பூவிலும் மகரந்தப்பையைக் கிள்ளி முடியாது. ஆண் மலடான தாய்ச்செடி கிடைத்தால் அந்த வேலை மிச்சம். ஆனால் எம்.எஸ்.1-ல் ஒரு சிக்கல். மலட்டுச் செடியைப் பெருக்கினால் பாதிச் செடி தாதுவோடு வந்துவிடும். பூக்கும்வரை எது எது என்று தெரியாது.

வழி அமெரிக்காவின் டெக்சாசில் கிடைத்தது. தாய்வழி வரும் இன்னொரு வகை மலட்டுத்தன்மையை 1954-ல் ஸ்டீபன்ஸ், ஹாலண்ட் இருவரும் அறிவித்தார்கள். அதில் தாய்வரிசை முழுவதும் மலடாகவே வரும். தகப்பன் வரிசையிலுள்ள மீட்பு மரபணு, ஒட்டுப் பயிரில் தாதுவைத் திருப்பித் தரும். அந்த முறையில்தான் இந்தியாவின் முதல் ஒட்டுச் சோளம் சி.எஸ்.எச்.1, 1964-ல் வந்தது.

ஆர்.எப்.1 என்ற மீட்பு மரபணு சோளத்தின் 8-வது குரோமோசோமில் இருப்பது இப்போது வரைபடமாகியிருக்கிறது. நாற்றின் இலையைச் சோதித்தே, மீட்பு மரபணு உள்ள செடியை விதை ஆராய்ச்சியாளர்கள் பிரிக்கலாம்.

நாம் எடுத்து வைத்த ஒட்டு விதைக்கு வருவோம். அடுத்த தலைமுறையில் மீட்பு மரபணு பிரிந்துபோகும். ஏறக்குறைய நாலில் ஒரு செடிக்கு அது கிடைக்காது. அய்யங்கார் பார்த்த மாதிரியே வெறும் பையோடு நிற்கும். பக்கத்துக் கதிரின் தாது காற்றில் வந்தால்தான் அதற்கு மணி. இருங்கு சோளம் போன்ற நாட்டு ரகத்தில் இந்தத் தொல்லை இல்லை. அதில் தாராளமாக விதை ஒதுக்கலாம்.