சிவப்பு பஸ்ஸும் ஸ்ரீ எழுத்தும்: மைத்திரிபால சேனநாயக்கவை நினைத்தல்

மருதமுனையில் வாப்பா கைத்தறிச் சாறன் வியாபாரம் செய்தார். விடியற்காலையில் சாறன் கட்டை பஸ்ஸின் கூரையில் ஏற்றிவிட்டு மட்டக்களப்புக்குப் போவார். இரவில் வெறுங்கையோடு திரும்பினால் வியாபாரம் நல்லது என்று அர்த்தம். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் அந்தச் சிவப்பு பஸ் இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்திராது. நானும் பின்னாளில் அதே பஸ்ஸில்தான் மாணவர் சீசன் டிக்கெட்டுடன் படிக்கப் போனேன்.

அந்த பஸ்ஸை எங்கள் வீதிக்குக் கொண்டுவந்த அமைச்சரின் பெயர் மைத்திரிபால சேனநாயக்க. பிற்காலத்தில் ஜனாதிபதியான மைத்திரிபால சிறிசேன வேறு ஆள், இவர் வேறு. 1916 இல் பிறந்தவர். 1947 இல் மதவாச்சி மக்கள் இவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். குளத்தையும் வயலையும் நம்பி வாழும் வரண்ட பிரதேசம் அது. பண்டாரநாயக்க சுதந்திரக் கட்சியைத் தொடங்கியபோது உடன் நின்ற இவர், 1956 இல் போக்குவரத்து அமைச்சரானார்.

அதற்கு முன் பஸ்கள் தனியார் கம்பனிகளின் கையில் இருந்தன. இலாபம் உள்ள பாதையில் போட்டி போட்டு ஓடின. இலாபம் இல்லாத ஊர்களை எட்டிப் பார்க்கவில்லை. 1948 இல் இரத்தினம், 1954 இல் சன்சோனி, 1956 இல் ஜயரத்ன பெரேரா என மூன்று அறிக்கைகள் பஸ் சேவையை அரசு பொறுப்பேற்க வேண்டும் என்றே பரிந்துரைத்தன. முந்திய அரசாங்கங்கள் அதைச் செய்யவில்லை. மைத்திரிபால செய்தார். 1957 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் நிறைவேறியது. 1958 ஜனவரி 1 ஆம் திகதி 76 கம்பனிகளின் பஸ்கள் ஒரே சபையின் கீழ் வந்தன.

இதன் பயன் எளிமையானது. கொழும்பில் கிடைத்த வருமானம் பின்தங்கிய ஊரின் நட்டத்தை ஈடுசெய்தது. சாரதிக்கு மாதச் சம்பளம். அன்றன்றைய வசூலுக்காக அடுத்த பஸ்ஸை முந்தி ஓடவேண்டிய தேவை இல்லை. மலிவான கட்டணமும் வீதிப் பாதுகாப்பும் ஒரே ஏற்பாட்டிலிருந்துதான் வந்தன.

ஆனால் இந்த மனிதரின் கதையை இத்துடன் நிறுத்தினால் அது பாதிக் கதை. வாகன இலக்கத் தகடுகளில் ஆங்கில எழுத்துக்குப் பதிலாகச் சிங்கள ஸ்ரீ எழுத்தைக் கொண்டுவந்ததும் இவருடைய அமைச்சுத்தான். 1958 மார்ச்சில் அந்தத் தகடுகளுடன் சபையின் புதிய பஸ்கள் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தன. தமிழரசுக் கட்சியினர் ஸ்ரீயைத் தார் பூசி அழித்தார்கள். தெற்கில் தமிழ் எழுத்துகள் தார் பூசி அழிக்கப்பட்டன. ஏப்ரலில் பண்டா–செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதம் நாடு எரிந்தது. அப்போது எங்கள் கரையோரம் மட்டக்களப்பு மாவட்டத்தில் இருந்தது. 1956 தேர்தலில் தமிழரசுக் கட்சியின் முஸ்லிம் வேட்பாளர்களைக் கல்முனையும் பொத்துவிலும் வெல்ல வைத்த காலம் அது.

மைத்திரிபாலவின் மனைவி ரஞ்சி ஹண்டி தமிழ்ப் பெண். தன் வீட்டில் தமிழோடு வாழ்ந்தவருக்கு ஓர் எழுத்து எதைச் செய்யும் என்று விளங்காமல் இருந்திருக்குமா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். விளங்கியும் அனுப்பினார் என்றால் குற்றம் இன்னும் பெரிது. எல்லோருக்கும் பொதுவான ஒரு பஸ்ஸைத் தந்த கையே அதன் நெற்றியில் ஒருவருக்கு மட்டும் உரிய எழுத்தை ஒட்டியது.

1977 க்குப் பிறகு அவர் கட்டிய சபை பிரதேச சபைகளாக உடைக்கப்பட்டது. 1979 இல் தனியார் பஸ்கள் திரும்பவும் வந்தன, கூடவே வீதியில் ஓட்டப்பந்தயமும் வந்தது. அதன்பின் யுத்தம். 1990 இல் குருக்கள்மடத்தில் முஸ்லிம் பயணிகள் இறக்கிக் கொல்லப்பட்டார்கள். அதே வருடம் வீரமுனையில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். வாப்பா மட்டக்களப்புப் பயணத்தை நிறுத்தினார். பாண்டிருப்பிலிருந்து அவருடன் ஒரே ஆசனத்தில் போய்வந்த தமிழ் நண்பரை அதன்பின் பல வருடங்கள் அவர் காணவில்லை.

மைத்திரிபால 1994 இல் வட மத்திய மாகாண ஆளுநரானார்; 1998 ஜூலையில் காலமானார். இன்றைய தகடுகளில் ஸ்ரீ இல்லை, ஆங்கில எழுத்துகளே இருக்கின்றன. இவ்வளவு இரத்தமும் எதற்காக என்று கேட்கத் தோன்றுகிறது.

2022 இல் டீசல் இல்லாமல் வரிசையில் நின்றோம். 2025 மே மாதம் கொத்மலையில் அரச பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அரசுடைமை என்ற பெயர்ப்பலகை மட்டும் உயிரைக் காப்பாற்றாது. பராமரிப்பும் சாரதியின் ஓய்வும் வேண்டும். புதிய பஸ் கேட்கும்போது நாங்கள் இரண்டையும் சேர்த்துக் கேட்கவேண்டும்: ஏழைக்குக் கட்டுபடியாகும் கட்டணம், பலகையில் பிழையில்லாத தமிழ். மைத்திரிபால முதலாவதைத் தந்தார். இரண்டாவதை மறந்ததற்கு நாங்கள் எல்லோரும் விலை கொடுத்தோம்.

இப்போது கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பஸ்ஸில் பாண்டிருப்புக்காரரும் மருதமுனைக்காரரும் மீண்டும் ஒரே ஆசனத்தில் இருக்கிறார்கள். வாப்பா இருந்திருந்தால் சாறன் கட்டோடு ஏறியிருப்பார்.