கோழை அல்ல என்று சொன்ன டாக்டர்

1917-ம் ஆண்டு. முதல் உலகப் போர் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது.

ஸ்காட்லாந்தில், எடின்பரோ நகரத்துக்கு அருகே ஒரு பெரிய மாளிகை. கிரெய்க்லாக்ஹார்ட் என்பது அதன் பெயர். அதை ராணுவ ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள்.

அங்கே இருந்த பலருக்கு உடம்பில் காயம் எதுவும் இல்லை. பகலில் நன்றாகவே நடமாடினார்கள். இரவு வந்ததும் அலறிக்கொண்டு எழுந்தார்கள். சிலருக்குப் பேச்சுக் குழறியது. சிலருக்குக் கை ஓயாமல் நடுங்கியது.

அவர்கள் எல்லாரும் பட்டாள அதிகாரிகள். இப்படிப்பட்டவர்களைக் கோழைகள் என்று பலரும் ஏசினார்கள். கோழைகள் அல்ல என்று சொன்னார் ஒரு டாக்டர். அவர் பெயர் ரிவர்ஸ். அவர் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்ல. நம் நீலகிரி மலைக்கு வந்து, தோடர்களோடு பழகியவர்!

திக்குவாய்ப் பிள்ளை

வில்லியம் ரிவர்ஸ் 1864-ம் ஆண்டு மார்ச் 12-ந் தேதி, இங்கிலாந்தில் கெண்ட் மாவட்டத்தில் பிறந்தார். தந்தை ஒரு பாதிரியார். திக்குவாய் உள்ளவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது அவருக்குத் தொழில். ஆனால், பெற்ற மகனுக்கே திக்குவாய்! கடைசி வரை அது முழுவதும் தீரவில்லை.

வாய்விட்டுப் பேச முடியாதவன் படும் பாடு ரிவர்சுக்குத் தெரியும். பிறர் பேச்சைப் பொறுமையாகக் கேட்கும் குணம் அதனால் வந்ததோ என்னவோ!

1886-ல் டாக்டர் பட்டம் பெற்றார். கொஞ்ச காலம் கப்பலில் டாக்டராக வேலை பார்த்தார். பிறகு கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் ஆசிரியரானார். மனிதன் எப்படிப் பார்க்கிறான், எப்படி உணருகிறான் என்று ஆராய்ந்தார்.

நீலகிரியில்

1901-ம் ஆண்டின் இறுதியில் ரிவர்ஸ் நீலகிரிக்கு வந்தார். சில மாதங்கள் தங்கினார். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு தோடர்களிடம் பேசினார். யாருக்கு யார் உறவு என்று வம்ச வரிசையைக் கேட்டு எழுதினார். எருமை வளர்ப்பு, பால் மடம், கல்யாணம், சாவு எல்லாவற்றையும் கவனித்தார். 1906-ல் 700 பக்கத்துக்கு மேற்பட்ட புத்தகமாக அதை வெளியிட்டார்.

தோடர்களின் சாவுச் சடங்கில் ஒரு வழக்கம் உண்டு. இருவர் இருவராக உட்கார்ந்து, நெற்றியோடு நெற்றி வைத்து அழுவார்கள். அங்கே தனியாக அழுகிறவர் இல்லை. ரிவர்ஸ் இதையும் எழுதி வைத்தார்.

நம் மதுரைப் பக்கத்திலும் சாவு வீட்டில் பெண்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு அழுவது உண்டே! துக்கத்தைப் பங்கு போட்டால் குறையும் என்று நம் பாட்டிகளுக்குத் தெரியும். பட்டாளத்துக்கு மட்டும் அது தெரியவில்லை.

மறந்துவிடு என்றார்கள்

1914-ல் போர் மூண்டது. சிப்பாய்கள் மாதக்கணக்கில் பதுங்கு குழிகளில் கிடந்தார்கள். தலைக்கு மேல் குண்டுகள் வெடித்தன. பக்கத்தில் இருந்த தோழன் கண்ணெதிரே செத்தான். பலருக்கு மனம் உடைந்தது. குண்டு அதிர்ச்சி என்று இந்த நோய்க்குப் பெயர் வந்தது. பிரிட்டிஷ் பட்டாளத்தில் மட்டும் சுமார் 80,000 பேருக்கு இதற்காகச் சிகிச்சை நடந்தது.

சிகிச்சை கிடைக்காதவர்களின் கதி என்ன? சண்டையை விட்டு ஓடினான், கோழைத்தனம் காட்டினான் என்று சொல்லிச் சொந்தப் பட்டாளமே பலரைச் சுட்டுக் கொன்றது. அப்படிக் கொல்லப்பட்டவர்களில் 306 பேருக்கு, 2006-ம் ஆண்டில்தான் பிரிட்டிஷ் அரசாங்கம் மன்னிப்பு வழங்கியது. 90 ஆண்டு கழித்து!

வாய் அடைத்துப்போன சிப்பாய்களுக்குச் சில டாக்டர்கள் மின்சாரம் பாய்ச்சினார்கள். வீட்டாரும் நண்பர்களும், நடந்ததை மறந்துவிடு என்று புத்தி சொன்னார்கள்.

ரிவர்ஸ் அதற்கு நேர் எதிராகச் செய்தார். நாற்காலியைப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். நடந்ததைச் சொல்லச் சொன்னார். பயம் என்பது எல்லாருக்கும் உள்ளது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று விளக்கினார்.

ஓர் இளம் அதிகாரி, தன் நண்பனைத் தேடிப் போய், குண்டில் சிதறிய உடலைக் கண்டவர். தினமும் அதே காட்சி கனவில் வந்தது. தூங்கவே பயந்தார். ரிவர்ஸ் அவரிடம் ஒன்றை எடுத்துச் சொன்னார். அப்படிச் சிதறிய நண்பன் நொடியில் இறந்திருப்பான், நெடுநேரம் துடித்திருக்க மாட்டான் என்பதே அது. அதிகாரியின் முகம் தெளிந்தது. பிறகு ஒரு நாள் கனவு வந்தபோது, அவர் நண்பன் அருகே போய் அவனோடு பேசினார். விழித்தபோது திகில் இல்லை, துக்கம் மட்டுமே இருந்தது. துக்கத்தைத் தாங்கலாம் அல்லவா?

எப்போதும் அதையே நினைத்துக்கொண்டிருக்கவும் ரிவர்ஸ் சொல்லவில்லை. மூடி மறைக்கவும் வேண்டாம், அதிலேயே மூழ்கவும் வேண்டாம் என்பது அவர் வழி.

டாக்டரின் சங்கடம்

சசூன் என்ற கவிஞரும் ஓர் அதிகாரி. வீரத்துக்குப் பதக்கம் பெற்றவர். போரை நிறுத்த வேண்டும் என்று அறிக்கை விட்டதால், அவரை ரிவர்சிடம் அனுப்பினார்கள். இருவரும் நண்பர்களானார்கள். அதே ஆஸ்பத்திரியில் இருந்த ஓவன் என்ற இளைஞர் சசூனைத் தேடி வந்து தம் கவிதைகளைக் காட்டினார். ஒரே துன்பத்தைப் பட்ட இருவர், ஒருவருக்கு ஒருவர் துணையானார்கள்.

ஆனால், குணமானவர்களை ரிவர்ஸ் எங்கே அனுப்ப வேண்டும்? மறுபடியும் போர்க்களத்துக்கு! அது அவர் மனத்தை உறுத்தியது. சசூன் திரும்பிப் போய் உயிர் பிழைத்தார். ஓவன் 1918 நவம்பர் 4-ந் தேதி கொல்லப்பட்டார். ஒரு வாரத்தில் போர் முடிந்தது.

ரிவர்ஸ் 1922 ஜூன் 4-ந் தேதி, குடல் நோயால் காலமானார். அப்போது வயது 58. பாராளுமன்றத் தேர்தலில் தொழில் கட்சி வேட்பாளராக நிற்க இருந்த சமயம் அது.

நம் ஊரில்

உயிரோடு விளையாடும் வேலை பட்டாளத்தில் மட்டுமா உண்டு? 1980-களில் அமெரிக்காவில் தீயணைப்புப் படையினருக்கும் ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும் ஓர் ஏற்பாடு தோன்றியது. கூட வேலை செய்கிறவர்களுக்கே பயிற்சி கொடுத்து, கோர விபத்தைக் கண்ட தோழனோடு உட்கார்ந்து பேச வைத்தார்கள். அது பல நாடுகளுக்கும் பரவியது. எல்லாரையும் ஒரே நாளில் கூட்டி வைத்துப் பேசு பேசு என்று வற்புறுத்துவதால் பலன் இல்லை என்று பிற்காலத்து ஆராய்ச்சிகள் காட்டின. பக்கத்தில் இருப்பது, சொன்னால் கேட்பது, தேவையானால் டாக்டரிடம் அழைத்துப் போவது. இதுவே நல்லது என்கிறார்கள்.

பேரையூர் சாலையில் ஒரு பஸ் கவிழ்ந்தால், முதலில் ஓடி வருகிறவர் 108 ஆம்புலன்ஸ் டிரைவர். சிவகாசியில் பட்டாசு ஆலை வெடித்தால், உள்ளே நுழைகிறவர் தீயணைப்புப் படைவீரர். தண்டவாளத்தில் ஒருவர் விழுந்தால், அதைக் கண்ணால் காண்கிறவர் ரயில் எஞ்சின் டிரைவர். வேலை முடிந்து அவர்களும் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காருகிறார்கள்.

அன்று அவர் சாப்பிடாமல் எழுந்தால் கோபிக்க வேண்டாம். ஆம்பிளை இதற்கெல்லாம் கலங்கலாமா என்று கேட்கவும் வேண்டாம். கூட வேலை பார்க்கும் அண்ணன் தம்பிகள் ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்காரலாம். வாரக்கணக்கில் தூக்கம் வராவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் இலவசமாக ஆலோசனை கிடைக்கிறது.

கலங்குகிறவன் கோழை அல்ல. பார்க்கக் கூடாததைப் பார்த்தவன்.