கானாவுக்கு கோகோ கொண்டுவந்த கொல்லர்: யார் இந்த டெட்டே குவார்ஷி?

கானாவின் தலைநகர் அக்ராவில் டிராஃபிக் அப்டேட் கேட்டால் ஒரு பெயர் தப்பாமல் வந்துவிடும்: டெட்டே குவார்ஷி இன்டர்சேஞ்ச். நகரத்தின் பிஸியான மேம்பாலச் சந்திப்புகளில் ஒன்று. அங்கிருந்து வடக்கே மலைப்பாதையில் ஏறினால் மாம்போங் என்ற சின்ன ஊர் வரும். அங்கே அரசு மருத்துவமனைக்கும் அதே பெயர்தான்.

இவர் ராஜாவும் இல்லை, அரசியல் தலைவரும் இல்லை. இரும்பு அடிக்கிற கொல்லர். ஆனால் உலகத்தில் இன்றைக்கு அதிக கோகோ விளைவிக்கிற நாடுகளின் பட்டியலில் கானா முன்வரிசையில் இருக்கிறது என்றால், அந்தக் கதை இவரிடம் இருந்துதான் தொடங்குகிறது. கானாவின் பள்ளிக் குழந்தைகளுக்கு அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள்.

பட்டறையில் தொடங்கிய வாழ்க்கை

1842ல் அக்ராவை ஒட்டிய கிறிஸ்டியன்ஸ்போர்க்கில், இப்போதைய ஒசு பகுதியில் பிறந்தார். கா இனத்தைச் சேர்ந்த விவசாயக் குடும்பம். அப்பா, அம்மா இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. கானாவுக்கு அப்போது கோல்டு கோஸ்ட் என்று பெயர்.

ஊரில் பாஸல் மிஷன் நடத்திய தொழிற்பட்டறை இருந்தது. இந்தப் பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? பழைய வீடுகளின் கூரையில் பார்க்கிற மங்களூர் ஓட்டை 1865ல் தொழிற்சாலை வைத்துச் செய்ய ஆரம்பித்ததும் இதே சுவிட்சர்லாந்து மிஷன்தான். போன இடத்தில் எல்லாம் பைபிளோடு சேர்த்து ஒரு கைத்தொழிலையும் சொல்லிக் கொடுப்பது அவர்கள் வழக்கம். குவார்ஷி அங்கே கொல்லு வேலை கற்று, கைதேர்ந்த கொல்லராக வெளியே வந்தார். கையில் தொழில் இருந்ததால் வேலை தேடி ஊர் ஊராகப் போக முடிந்தது.

தீவில் ஆறேழு வருஷம்

1870ல் கப்பலேறி ஃபெர்னாண்டோ போ என்ற தீவுக்குப் போனார். இன்று எக்குவடோரியல் கினியின் பியோகோ தீவு, அன்று ஸ்பெயின் வசம். அங்கே கோகோ தோட்டங்கள் இருந்தன. கோகோவும் ஆப்பிரிக்கச் செடி இல்லை, அதன் பூர்வீகம் அமேசான் காடு. பிரேசிலில் இருந்து 1822ல் பிரின்சிபி தீவுக்கு வந்து, அப்புறம் சாவோ டோமே, ஃபெர்னாண்டோ போ என்று தீவு தீவாகத் தாவி வந்த பயிர். மேலே தோட்ட முதலாளி, கீழே கூலியாட்கள். அந்தத் தீவுகளில் கோகோ என்றால் அதுதான் அமைப்பு.

ஊர் திரும்பும்போது குவார்ஷி கோகோ விதைகளை எடுத்து வந்தார். எப்படி என்பதில்தான் கதை களைகட்டுகிறது. ஸ்பானிஷ் அதிகாரிகளுக்குத் தெரியாமல் கருவிப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தார் என்பார்கள். விதைகளை விழுங்கிவிட்டு ஊருக்கு வந்தார் என்று சொல்பவர்களும் உண்டு! பெட்டிக் கதையை நம்பலாம். விழுங்கிய கதை கேட்க நல்லா இருக்கு, அவ்வளவுதான்.

ஏன் என்றால், கோகோ விதை ரொம்ப மென்மையானது. நெல், கம்பு மாதிரி காயவைத்து மூட்டை கட்டி வைக்க முடியாது. காய்ந்தால் செத்துப் போகும். காயை உடைத்து எடுத்த விதை சில நாட்களிலேயே முளைப்புத் திறனை இழக்கத் தொடங்கும். காயோடு இருந்தால் இன்னும் சில வாரங்கள் தாங்கும். அவர் திரும்பி வந்தது 1876 என்று சில பதிவுகளும், மாம்போங்கில் நட்டது 1879 என்று பல பதிவுகளும் சொல்கின்றன. மூன்று வருஷம் விதையை வைத்திருக்க வாய்ப்பே இல்லை. அதனால் இரண்டில் ஒரு வருஷம் தப்பாக இருக்க வேண்டும், அல்லது விதை வேறொரு பயணத்தில் வந்திருக்க வேண்டும். கானாவில் கொண்டாடப்படுவது 1879.

கடலோர அக்ராவில் நடாமல் மலைமேல் இருக்கிற மாம்போங்கைத் தேர்ந்தெடுத்ததுதான் புத்திசாலித்தனம். கோகோவுக்கு மழையும் ஈரமும் நிழலும் வேண்டும். அக்ரா பக்கம் வறண்ட பூமி. அக்வாபிம் மலைத்தொடரில் மூன்றும் உண்டு. 1883ல் முதல் அறுவடை. அக்கம்பக்கத்து விவசாயிகள் விதை கேட்டு வர ஆரம்பித்தார்கள். ஒரு காய் ஒரு பவுண்டுக்கு விற்றார் என்று சொல்லப்படுகிறது. அந்தக் காலத்து ஒரு பவுண்டு சாதாரணப் பணம் இல்லை. வாங்கியவர்களுக்கு அதில் லாபம் தெரிந்திருக்கிறது.

அப்போ இவர்தான் முதல் ஆளா?

இல்லை. இங்கேதான் சர்ச்சை. பாஸல் மிஷன்காரர்கள் இவருக்கு 20 வருஷம் முன்னாடி, 1850களின் கடைசியிலேயே சுரினாமில் இருந்து விதை வரவழைத்து அக்ரோபோங்கில் நட்டார்கள். பெரும்பாலும் பட்டுப்போச்சு. குவார்ஷிக்குப் பிறகு பிரிட்டிஷ் கவர்னர் வில்லியம் பிராண்ட்ஃபோர்டு கிரிஃபித், சாவோ டோமேயில் இருந்து விதை வரவழைத்தார். 1890ல் அபுரியில் அரசுத் தாவரவியல் தோட்டம் தொடங்கி, அங்கிருந்து விவசாயிகளுக்குக் கன்றுகள் போயின. கானாவின் மரங்களில் எத்தனை குவார்ஷியின் வம்சம், எத்தனை கவர்னர் தோட்டத்து வம்சம் என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். இரண்டு வழியிலும் வந்தது அமெலோனாடோ என்ற ஒரே ரகம்.

ஆனாலும் கானா மக்கள் கவர்னரையோ மிஷனையோ ‘கோகோவின் தந்தை’யாகக் கொண்டாடவில்லை. ஒரு கொல்லரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். வெள்ளைக்காரன் கொடுத்த பயிர் இல்லை, நம்ம ஆள் கொண்டுவந்தது என்று சொல்ல முடிவது சுதந்திரம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு நாட்டுக்கு எவ்வளவு முக்கியம்! என் பார்வையில் அந்தத் தேர்வில் நியாயமும் இருக்கு. மிஷன் நட்டது பரவவில்லை. குவார்ஷி நட்டது பக்கத்துக் காட்டுக்காரர் கண்ணில் பட்டு, காசு கொடுத்து வாங்கப்பட்டுப் பரவியது.

36 கிலோவில் இருந்து 40,000 டன்

1891ல் கோல்டு கோஸ்ட்டில் இருந்து 80 பவுண்டு எடை, அதாவது சுமார் 36 கிலோ கோகோ ஏற்றுமதியானது. அடுத்த வருஷம், 1892 டிசம்பர் 25 கிறிஸ்துமஸ் அன்று குவார்ஷி இறந்துவிட்டார். வயசு 50. 36 கிலோ எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை.

1911ல் அது ஏறத்தாழ 40,000 டன். கோல்டு கோஸ்ட் உலகத்தில் நம்பர் 1. இருபதே வருஷம். இதைச் செய்தது பெரிய எஸ்டேட்டுகள் இல்லை. பாமாயில், ரப்பர் வியாபாரத்தில் சேர்த்த காசைப் போட்டு, பலர் குழுவாகச் சேர்ந்து அக்கிம் பகுதியில் காடு வாங்கி, பிரித்துக்கொண்டு நட்ட சிறு விவசாயிகள். இதை ஊர் ஊராகப் போய் விசாரித்து எழுதிய பாலி ஹில் என்ற ஆய்வாளரின் 1963ஆம் ஆண்டுப் புத்தகம் இன்றும் பேசப்படுகிறது.

அந்த வளர்ச்சிக்கு வெளியில் இருந்தும் ஒரு காரணம் சேர்ந்தது. நம்ம ஊர்க் கடைகளிலும் தொங்குகிற அதே கேட்பரி, அதுவரை சாவோ டோமே கோகோவை வாங்கிக்கொண்டிருந்தது. அங்கே தோட்டங்களில் நடந்தது கிட்டத்தட்ட அடிமை வேலை என்பது வெளியே வந்து நாறியதும், 1909ல் கேட்பரி, ஃப்ரை, ரவுன்ட்ரீ மூன்றும் அந்தக் கோகோவைப் புறக்கணித்தன. கேட்பரியின் பார்வை கோல்டு கோஸ்ட் பக்கம் திரும்பியது.

கோகோ இங்கே, சாக்லேட் எங்கே?

குவார்ஷி தீவில் இருந்த அதே காலத்தில், 1875 வாக்கில், சுவிட்சர்லாந்தின் வெவே நகரத்தில் டேனியல் பீட்டர் மில்க் சாக்லேட் செய்துகொண்டிருந்தார். கோகோ ஒரு மரம்கூட வளராத நாடு சாக்லேட்டுக்குப் பெயர் வாங்கியது. கோகோ வளர்ந்த நாடு மூட்டை கட்டி அனுப்பியது. கானா விவசாயி காயை உடைத்து, விதையை வாழை இலை போட்டு மூடி ஒரு வாரம் போலப் புளிக்கவைத்து, வெயிலில் பாயில் பரப்பிக் காயவைப்பார். சாக்லேட் வாசனையின் அடித்தளமே அந்தப் புளிப்பில்தான் உருவாகிறது. வறுப்பது, அரைப்பது, பெயர் ஒட்டுவது எல்லாம் வேறு கண்டத்தில். விலையும் அங்கேதான் ஏறும்.

விலை பேசும் உரிமைக்காக 1937-38ல் விவசாயிகள் ஐரோப்பியக் கம்பெனிகளுக்கு விற்கவே மறுத்துப் பெரிய போராட்டம் நடத்தினார்கள். 1957ல் சுதந்திரம். 1965ல் டெமா துறைமுக நகரில் அரசு கோகோ ஆலை வந்தது. அதன் கோல்டன் ட்ரீ சாக்லேட் இன்றும் கானா கடைகளில் கிடைக்கும். ஆனாலும் சொந்த நாட்டில் சாக்லேட் செய்வது லேசான காரியம் இல்லை. வெயில், மின்சாரச் செலவு, வெளியில் இருந்து வாங்க வேண்டிய பால் பவுடர் என்று ஒவ்வொன்றும் இடிக்கும்.

2016ல் கிம்பர்லி, பிரிசில்லா அடிசன் என்ற சகோதரிகள் அக்ராவில் ’57 சாக்லேட் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். பெயரில் உள்ள 57, சுதந்திரம் கிடைத்த வருஷம். கானா கோகோ விதையை வாங்கி, வறுப்பதில் இருந்து வார்ப்பது வரை எல்லாம் அங்கேயே. சாக்லேட் துண்டுகளில் அடிங்க்ரா என்ற பாரம்பரியச் சின்னங்களைப் பதிக்கிறார்கள். பிப்ரவரி 14ஐ தேசிய சாக்லேட் தினமாகக் கொண்டாடச் சொல்வது அரசு. காதலர் தினத்துக்கு வெளிநாட்டு சாக்லேட் வாங்காதீங்க, நம்ம ஊர் சாக்லேட் வாங்குங்க என்பது ஐடியா.

மாம்போங்கில் குவார்ஷியின் தோட்டம் இப்போது சுற்றுலாத் தலம். அவர் கையால் நட்டதாகக் காட்டப்படும் சில மரங்கள் இன்னும் நிற்கின்றன.