ஒரு வரியில் அடங்காத வேட்பாளர்

சிங்காநல்லூரில் எங்கள் தெருவைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருவர், முதன்முறையாக வாக்களிக்கவிருப்பதாகவும் யாருக்கு வாக்களிக்கலாம் என்றும் என்னிடம் கேட்டார். ஒரு பெயரைச் சொல்லி அனுப்புவது எளிது. அதற்கு மாறாக, இதே கோவையில் பிறந்த ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லத் தொடங்கினேன். அந்த வாழ்க்கையின் பாதியை மட்டுமே வகுப்பறையில் பல்லாண்டுகள் சொல்லி வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். 1892-இல் கோவையின் வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். சென்னையில் கிறித்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்றார். கோவை நகராட்சியில் பொதுவாழ்வைத் தொடங்கி, நீதிக்கட்சிக்காரராகச் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குச் சென்றார். பின்னர் சுயராஜ்யக் கட்சிக்கு மாறினார். தில்லியில் மத்திய சட்டப்பேரவையின் உறுப்பினராகி, 1933-இல் அதன் தலைவரானார். கட்சிப் பெயரை மட்டும் பார்ப்பவருக்கு இவர் நிலையற்றவர். பதவியை மட்டும் பார்ப்பவருக்கு மாமனிதர்.

1932-இல் ஒட்டாவாவில் நடந்த பேரரசுப் பொருளாதார மாநாட்டில் இந்தியக் குழுவில் அவர் இடம்பெற்றார். பிரிட்டிஷ் பொருள்களுக்கு இந்தியாவிலும், இந்தியப் பொருள்களுக்குப் பிரிட்டனிலும் சுங்கவரிச் சலுகை என்பது அங்கு எட்டப்பட்ட உடன்பாடு. உலகப் பெருமந்தத்தின் நடுவே நம் ஏற்றுமதிக்கு ஒரு சந்தை உறுதியாகும் என்றனர் ஆதரித்தோர். ஆதாயத் தராசு பிரிட்டன் பக்கமே சாயும் என்றனர் எதிர்த்தோர். 1934 தேர்தலில் காங்கிரசின் சாமி வேங்கடாசலம் செட்டியாரிடம் அவர் தோற்றார். ஒட்டாவா அவருக்கு எதிரான பெரும் குற்றச்சாட்டாக நின்றது.

தோல்வியோடு அவர் கதை முடியவில்லை. 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்து, கொச்சித் துறைமுகத்தின் வளர்ச்சிக்குத் துணைநின்றார். 1944-இல் பிரெட்டன்வுட்ஸ் மாநாட்டில் இந்தியப் பிரதிநிதிகளுள் ஒருவரானார். தமிழிசை இயக்கத்துக்குத் தோள் கொடுத்தார். காங்கிரஸ்காரர் அல்லாத அவரே விடுதலை இந்தியாவின் முதல் நிதியமைச்சரானார். 1947 நவம்பர் 26 அன்று அவர் அளித்த வரவு செலவுத் திட்டம் ஏழரை மாதங்களுக்கானது: வருவாய் 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி, அதில் பாதுகாப்புக்கு மட்டும் 92.74 கோடி. பிரிவினையின் சுமையை இந்த எண்களே சொல்லும்.

அடுத்த ஆண்டே, வரி ஏய்ப்பு விசாரணைக்குரிய பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டதில் சர்ச்சை எழுந்தது. 1948 ஆகஸ்டில் அவர் பதவி விலகினார். 1953-இல் மறைந்தார்.

நான் மாணவர்களுக்குச் சொன்னது 1947-இன் கதை மட்டும். 1934-ஐயும் 1948-ஐயும் விட்டுவிட்டேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை, ஊர்ப்பெருமை தடுத்தது. பொருளியல் கற்பித்தவனே தனக்குப் பிடித்த தரவுகளை மட்டும் பொறுக்கியிருக்கிறான் என்றால், கட்சிக்கொடியின் நிறத்தைப் பார்த்து வாக்களிப்பவரை நான் எப்படிக் குறை சொல்வது?

ஒரு வாக்கால் முடிவு மாறிவிடாது என்பதால் தகவல் திரட்டும் உழைப்பை வாக்காளர் தவிர்க்கிறார் என்று 1957-இல் ஆந்தனி டவுன்ஸ் என்ற பொருளியலாளர் விளக்கினார். தனி மனிதருக்கு இது கணக்காகலாம். ஊரே அப்படிக் கணக்குப் போட்டால் இழப்பு ஊருக்குத்தான். ஒரு பவுன் நகைக்கு நான்கு கடை ஏறி இறங்குகிறோம். ஐந்தாண்டு ஆட்சிக்கு ஒரு சுவரொட்டி போதும் என்கிறோம்.

1934-இல் சொத்தோ வரியோ உள்ளவர்களுக்கே வாக்குரிமை இருந்தது. வேட்பாளரைப் பற்றி அறியவும் வழிகள் குறைவு. இன்று எல்லோருக்கும் வாக்கு உண்டு. உச்ச நீதிமன்றத்தின் 2002, 2003-ஆம் ஆண்டுத் தீர்ப்புகளின் பயனாக, குற்ற வழக்கு, சொத்து, கடன், கல்வி ஆகியவற்றை வேட்பாளர்கள் பிரமாணப் பத்திரத்தில் தெரிவிக்க வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அதை எவரும் படிக்கலாம். ஆயினும் பத்திரம் பாதிதான் சொல்லும். வழக்கு எத்தகையது, போராட்டத்தில் பதிவானதா, பணமோசடியா என்று பார்க்க வேண்டும். பதவியில் இருந்தவர் என்றால் என்ன முடிவெடுத்தார், அதனால் யார் பயனடைந்தனர், கேள்வி எழுந்தபோது எப்படி நடந்துகொண்டார் என்றும் தேட வேண்டும். பிடித்த வேட்பாளரின் குறையையும் பிடிக்காதவரின் நிறையையும் ஒன்றேனும் எழுதிப் பார்க்க வேண்டும். அது எழுத வரவில்லை என்றால் நாம் இன்னும் தேடவில்லை என்று பொருள்.

1934-இல் செட்டியாருக்கு நீங்கள் வாக்களித்திருப்பீர்களா என்று அந்த மாணவி கேட்டார். ஒட்டாவா உடன்பாட்டின் வரி அட்டவணையை முழுதாகப் படிக்காமல் சொல்ல மாட்டேன் என்றேன். இரண்டு நாள் கழித்து, நம் தொகுதி வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களை அச்செடுத்து, ஓரங்களில் கேள்விகளைக் குறித்து எடுத்து வந்தார். யாருக்கு வாக்களிக்கப் போகிறார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.