கெல்வின் பெருமகனார்

ஏற்றம் இறைக்கும் உழவர் நீரைப் படைப்பதில்லை. கிணற்றின் ஆழத்திற் கிடக்கும் நீரை மேட்டு நிலத்திற்கு உயர்த்தித் தருகின்றார். அதுபோலவே, குளிர்ந்த வெளிக் காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்து வீட்டிற்குள் உயர்த்தித் தரலாம் என்று கணக்கிட்டுக் காட்டிய அறிஞர் ஒருவர் இருந்தார். அவரே கெல்வின் பெருமகனார்.

வில்லியம் தாம்சன் என்பது அவரது இயற்பெயர். 1824ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் அயர்லாந்தில் பெல்பாஸ்ட் நகரில் அவர் பிறந்தார். ஆறாம் வயதிலேயே அன்னையை இழந்தார். கணிதப் பேராசிரியராகிய தந்தையாரே அவருக்கு ஆசானாகவும் விளங்கினார். தந்தையார் கிளாஸ்கோ பல்கலைக் கழகத்தில் பணியேற்றபோது, குடும்பம் ஸ்காட்லாந்தில் குடியேறியது. பத்து வயதிலேயே அப்பல்கலைக் கழக வகுப்புகளில் வில்லியம் சேர்ந்தார். பின்னர்க் கேம்பிரிட்ஜில் பயின்று, 1846இல், தம் இருபத்திரண்டாம் வயதில், கிளாஸ்கோவில் இயற்பியற் பேராசிரியரானார். ஐம்பத்து மூன்று ஆண்டுகள் அப்பதவியை அணி செய்தார்.

வெப்பத்தின் இயல்பை ஆராய்வதில் அவர் பெரிதும் ஈடுபட்டார். எந்தப் பொருளின் தன்மையையும் சாராத வெப்பநிலை அளவுமுறை ஒன்றை 1848இல் வகுத்தார். இன்று வழங்கும் கெல்வின் என்னும் அலகு அவர் பெயரைத் தாங்கியதே.

மக்கள் நிலக்கரியை எரித்துக் குளிரைப் போக்கிய காலம் அது. 1852இல் தாம்சன் புதிய வழியொன்றைக் கூறினார். நிலக்கரியால் ஒரு பொறியை இயக்கி, வெளிக் காற்றை விரியச் செய்தால் அது மேலும் குளிரும். அவ்வாறு குளிர்ந்த காற்று, உலோகச் சுவரின் வழியே வெளியிலுள்ள வெப்பத்தை ஏற்கும். பின்னர் அதனை அமுக்கினால், சூடேறி அறைக்குள் புகும். நேரே எரித்துப் பெறும் வெப்பத்தினும் இம்முறையால் மிகுதியாகப் பெறலாம் என்று அவர் காட்டினார். நிலக்கரி மலிந்திருந்த அந்நாளில் இக்கருத்து வீடுகளிற் பரவவில்லை. பின்னாளில், 1938இல், சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர மன்றக் கட்டடம் ஆற்று நீரிலிருந்து இறைத்த வெப்பத்தால் வெதுவெதுப்புற்றது.

அளந்து அறிதலே அவரது நெறி. 1858இல் அட்லாண்டிக் கடலடியில் இட்ட தந்திக் கம்பியில் செய்தி தெளிவாகச் செல்லவில்லை. பொறுப்பாளர் மின்னழுத்தத்தை மிகுத்தார்; நலிந்திருந்த கம்பி சில வாரங்களிற் செயலிழந்தது. தாம்சனோ, மிக மெல்லிய மின்னோட்டத்தையும் சிறு கண்ணாடியில் தெறிக்கும் ஒளியால் காட்டும் கருவியை அமைத்திருந்தார். 1866இல் நிலைத்த வெற்றி கிட்டியது. அவ்வாண்டே அவர் 'சர்' பட்டம் பெற்றார். 1892இல் கெல்வின் பிரபு ஆனார். 1907 டிசம்பர் 17இல் மறைந்த அவர், வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நியூட்டனின் அருகே அடக்கம் செய்யப்பெற்றார்.

இன்று குளிர்நாட்டு இல்லங்கள் பலவற்றில் வெப்பம் இறைக்கும் பொறிகள் இயங்குகின்றன. வேளைக்கேற்ற வெப்பநிலையை முன்கூட்டியே குறித்து வைக்கும் தெர்மாஸ்டாட் கருவி அவற்றை ஆள்கின்றது. இரவில் வெப்பநிலையை மிகக் குறைத்து, விடியலில் திடீரென உயர்த்தினால், மெல்லச் சூடேற்றும் இயல்புடைய பொறி ஈடு கொடுப்பதில்லை. உடனே துணை மின்னடுப்பு எரியத் தொடங்கும், மின்செலவு ஏறும். பொறி பழுதுற்றது என்று வீட்டார் வருந்துவர். பழுது பொறியில் இல்லை. குறித்து வைத்த அளவிலேயே உள்ளது. ஏற்ற இறக்கத்தைச் சிறிதாக்கி, வெப்பநிலையைப் படிப்படியாக உயர்த்தினால் குறை நீங்கும்.

மாணவர்களே! ஒரு பொறி தடுமாறும்போது விசையைக் கூட்டுவது எளிது. காரணத்தை அளந்து காண்பது அரிது. அவ்வரிய வழியே கெல்வின் பெருமகனார் வாழ்ந்து காட்டிய வழியாகும்.