நகருக்கு வடிவம் தந்த கோல்மன்: நின்றவையும் இடிந்தவையும்

ஆர்ட்ஸ் ஹவுசில் நாடகம் பார்க்கச் செல்வோரும், ஹில் ஸ்திரீட்டில் அர்மீனிய தேவாலயத்தைக் கடந்து போவோரும், தீமிதித் திருவிழாவுக்கு சவுத் பிரிட்ஜ் ரோட்டில் திரளும் பக்தர்களும் ஒரே மனிதரின் உழைப்பின் பலனை அனுபவிக்கிறார்கள். அவர் ஜார்ஜ் டிரம்கூல் கோல்மன்.

அயர்லாந்தின் டிராஹெடா நகரில் 1795ஆம் ஆண்டு பிறந்த கோல்மன், 1815ல் ஊரைவிட்டுக் கிளம்பினார். கல்கத்தாவில் வணிகர்களுக்கு வீடுகள் கட்டிக் கொடுத்துப் பெயர் பெற்றார். பின்னர் ஜாவாவுக்குச் சென்று அங்கும் கட்டுமானம், நில அளவைப் பணிகளில் ஈடுபட்டார்.

1822ல் அவர் சிங்கப்பூரில் கால்பதித்தபோது பிரிட்டிஷ் குடியேற்றத்துக்கு மூன்று வயதுதான். இன்று ஃபோர்ட் கேனிங் எனப்படும் குன்றில் ராஃபிள்சுக்கு மரத்தாலான இல்லம் ஒன்றைக் கட்டித் தந்தார். நகரத் திட்டம் வகுக்கப்பட்டபோது அவரது ஆலோசனையும் கேட்கப்பட்டது.

மறு ஆண்டே ஜாவாவுக்குத் திரும்பிய கோல்மன், 1826ல் மீண்டும் சிங்கப்பூர் வந்தார். அடுத்த 15 ஆண்டுகள் இந்நகரின் முகத்தை மாற்றின.

வீடாக எழுந்து நீதிமன்றமான கட்டடம்

ஜான் ஆர்கைல் மேக்ஸ்வெல் என்ற வணிகருக்காக அவர் வடிவமைத்த மாளிகை 1827ல் கட்டி முடிக்கப்பட்டது. ஆனால், அந்த இடம் அரசாங்கப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அதனால் மேக்ஸ்வெல் அங்கு குடியேறவில்லை. அரசாங்கம் அதை வாடகைக்கு எடுத்து நீதிமன்றமாக்கியது. பிற்காலத்தில் பலமுறை மாற்றியமைக்கப்பட்ட அந்தக் கட்டடமே சட்டமன்றமாகவும், 1965 முதல் 1999 வரை சுதந்திர சிங்கப்பூரின் நாடாளுமன்றமாகவும் விளங்கியது.

1829ல் கோல்மன் நகரின் நில அளவையை மேற்கொண்டார். 1833ல் பொதுப்பணிகளின் கண்காணிப்பாளராக நியமிக்கப்பட்டார். கைதிகளின் உழைப்பை மேற்பார்வையிடும் பொறுப்பும் அவரிடமே வந்தது.

இந்தியக் கைதிகளின் உழைப்பு

நம் சமூகத்தின் வரலாறு கோல்மனின் வரலாற்றோடு இணைவது இங்குதான். 1825ஆம் ஆண்டு ஏப்ரலில் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகளின் முதல் குழு சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டது. அதில் 80 பேர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவர்கள். வங்காளத்தைச் சேர்ந்தவர்கள் அவர்களைத் தொடர்ந்து வந்தனர்.

கோல்மனின் மேற்பார்வையில் கைதிகள் சதுப்பு நிலங்களை வடித்து மேடாக்கினர். நார்த் பிரிட்ஜ் ரோடும் சவுத் பிரிட்ஜ் ரோடும் அவர்களின் உழைப்பில் உருவானவை.

வேலை ஆபத்து நிறைந்தது. 1835ல் காட்டுவழியே சாலைக்காக நிலம் அளந்துகொண்டிருந்தபோது புலி ஒன்று பாய்ந்து, கோல்மனின் அளவைக் கருவியைச் சாய்த்தது. நல்லவேளையாக, அவருக்கும் உடனிருந்த கைதிகளுக்கும் ஒன்றும் நேரவில்லை. சில பத்தாண்டுகளுக்குப் பின் ஜெர்மானிய ஓவியர் ஹைன்ரிக் லாய்ட்டமான் இந்தச் சம்பவத்தைப் படமாக வரைந்தார். சிங்கப்பூர் வரலாற்றின் புகழ்பெற்ற படங்களில் அதுவும் ஒன்று.

அர்மீனிய சமூகத்துக்காக அவர் வடிவமைத்த தேவாலயத்துக்கு 1835ல் அடிக்கல் நாட்டப்பட்டது. சிங்கப்பூரில் இன்றுள்ள தேவாலயங்களில் அதுவே ஆகப் பழமையானது. முதல் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம், தெலுக் ஆயரின் எண்கோண வடிவச் சந்தை, விக்டோரியா ஸ்திரீட்டில் கால்டுவெல் இல்லம் ஆகியவையும் அவரது படைப்புகள். பாதியில் நின்றுபோயிருந்த ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தின் கட்டடத்தை முடித்துக் கொடுத்ததும் அவர்தான்.

உடல்நலம் குன்றவே 1841ல் ஐரோப்பா திரும்பிய கோல்மன், அங்கு திருமணம் செய்துகொண்டார். ஆனால், அவர் மனம் கிழக்கையே நாடியது. 1843 நவம்பரில் மனைவியுடன் சிங்கப்பூர் திரும்பினார். டிசம்பரில் மகன் பிறந்தான். 1844 மார்ச் 27ஆம் தேதி காய்ச்சலால் காலமானார். ஐம்பது வயதுகூட நிறையவில்லை. ராஃபிள்சுக்கு வீடு கட்டிய அதே குன்றில் அடக்கம் செய்யப்பட்டார்.

இடிபட்ட சொந்த வீடு

அவர் கட்டியவை எல்லாம் நிலைக்கவில்லை. மின்னல் தாக்கிப் பழுதடைந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் 1855ல் இடிக்கப்பட்டது. அதே இடத்தில் இப்போதுள்ள பேராலயத்தைக் கட்டியவர்களும் இந்தியக் கைதிகளே. ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தின் பழைய கட்டடம் 1970களில் மறைந்தது. அங்கு இன்று ராஃபிள்ஸ் சிட்டி நிற்கிறது.

கோல்மன் தமக்காக 1829ல் கோல்மன் ஸ்திரீட்டில் கட்டிய வீட்டின் கதை இன்னும் வருத்தமானது. அவர் வெளியேறிய பிறகு அது ஹோட்டலானது. பின்னர் பல குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் இடமாகச் சீரழிந்தது. 1965 டிசம்பரில் ஹோட்டல் கட்டுவதற்காக இடித்துத் தள்ளப்பட்டது. அதைத் தடுக்க அப்போது சட்டமில்லை.

சட்டம் தந்த காவல்

நினைவுச்சின்னங்களைப் பாதுகாப்பதற்கான சட்டம் 1970ல் இயற்றப்பட்டது. மறு ஆண்டு அதற்கென வாரியம் அமைந்தது. 1973ல் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட எட்டு தேசிய நினைவுச்சின்னங்களில் கோல்மனின் அர்மீனிய தேவாலயம் இடம்பெற்றது. அவரது எண்கோண வடிவத்தைப் பின்பற்றி 1894ல் புதிதாகக் கட்டப்பட்ட தெலுக் ஆயர் சந்தையும் அப்பட்டியலில் இருந்தது. அதுவே நாம் இன்று உணவருந்தும் லாவ் பா சாட். சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் ஆலயமும் அந்த எட்டில் ஒன்று.

கால்டுவெல் இல்லம் 1990லும் பழைய நாடாளுமன்றம் 1992லும் அறிவிக்கப்பட்டன. வாரியம் 2009ல் தேசிய மரபுடைமைக் கழகத்தின்கீழ் வந்தது. இன்று தேசிய நினைவுச்சின்னங்களின் எண்ணிக்கை 70ஐத் தாண்டிவிட்டது. அவற்றை இடிக்கவோ மாற்றவோ அனுமதி வேண்டும்.

சட்டம் இருந்தால் மட்டும் போதாது, கட்டடத்துக்கு ஆள்நடமாட்டமும் வேண்டும். நாடாளுமன்றம் புதிய இடத்துக்குச் சென்றபின் பழைய கட்டடத்தைப் பூட்டிவைத்திருந்தால், அது பாதுகாக்கப்பட்ட வெற்றுக் கூடாகவே இருந்திருக்கும். 2004ல் ஆர்ட்ஸ் ஹவுஸ் எனும் கலை அரங்கமாகத் திறக்கப்பட்டதால், வணிகருக்கு வீடாக எழுந்த அது இன்று கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் மேடையாக இருக்கிறது. வழிபாடு தொடர்வதால் மாரியம்மன் ஆலயமும் அர்மீனிய தேவாலயமும் உயிர்ப்புடன் உள்ளன.

கோல்மனின் பெயரைத் தெருவும் பாலமும் தாங்கி நிற்கின்றன. அவருக்குக் கீழ் உழைத்த கைதிகளில் பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் போட்ட சாலையில்தான் நாம் கோயிலுக்கு நடந்து செல்கிறோம். அடுத்த முறை பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, அந்தச் சாலை யார் கைகளால் உருவானது என்பதையும் அவர்களுக்குச் சொல்லலாம்.