பெயரில் தொடங்கும் உரிமை

1950 மார்ச் மாதம் நாட்டின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையராகச் சுகுமார் சென் பொறுப்பேற்றபோது, அவர் முன் நின்ற பணிக்கு உலகில் முன்மாதிரி இல்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் வாக்குரிமை என்பது சொத்து, வரி, கல்வி ஆகியவற்றால் அளக்கப்பட்ட சலுகை. 1921-இல் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை அளித்து வழிகாட்டியது என்றாலும், அதுவும் சொத்துடைய பெண்களுக்கே கிட்டியது. 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் வாக்காளர் எண்ணிக்கை 3 கோடியைச் சற்றே தாண்டியது. குடியரசின் அரசமைப்புச் சட்டமோ, 326-ஆவது பிரிவின் வாயிலாக 21 வயது நிரம்பிய அனைவரையும் ஒரே நாளில் வாக்காளராக்கியது.

கொல்கத்தா மாநிலக் கல்லூரியிலும் லண்டன் பல்கலைக்கழகத்திலும் பயின்று, கணிதத்தில் தங்கப் பதக்கம் பெற்றவர் சென். ஐ.சி.எஸ். அதிகாரியாக மாவட்டங்களிலும் நீதித் துறையிலும் பணியாற்றி, மேற்கு வங்கத்தின் தலைமைச் செயலாளரானவர். தேர்தலை விரைந்து நடத்திவிட வேண்டும் என்று பிரதமர் நேரு விரும்பினார். பட்டியல் சரியாக அமையாமல் தேர்தல் இல்லை என்பதில் சென் உறுதியாக இருந்தார்.

வாக்காளர்கள் சுமார் 17.6 கோடி பேர். அவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் எழுத்தறியாதவர்கள். எனவே கட்சிகளுக்குச் சின்னங்களும், ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி இரும்புப் பெட்டியும், விரலில் அழியாத மையும் நடைமுறைக்கு வந்தன. பனிக்காலத்துக்கு முன்பாக, 1951 அக்டோபர் 25-இல் ஹிமாசலின் சினி பகுதியில் முதல் வாக்குப்பதிவு தொடங்கியது. 1952 பிப்ரவரியில் தேர்தல் நிறைவுற்றது. அப்பெட்டிகளைப் பத்திரப்படுத்தி 1957 தேர்தலிலும் பயன்படுத்தியதால், அரசுக்குச் சுமார் ரூ.4.5 கோடி மிச்சமானது.

ஆனால், சென்னின் வாழ்வில் இன்றும் சிந்திக்கத்தக்கது வேறொரு முடிவு. வட மாநிலங்கள் பலவற்றில், அயலாரிடம் தம் பெயரைச் சொல்ல மரபு இடம் தராததால், ஏராளமான பெண்கள் இன்னாரின் மனைவி என்றோ, இன்னாரின் தாய் என்றோ பட்டியலில் பதிவாகியிருந்தனர். இது கூடாது என்று சென் ஆணையிட்டார். பெயரைப் பதிவு செய்ய பிகாரில் ஒரு மாத அவகாசமும் அளிக்கப்பட்டது. அதன் பின்னரும் ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன.

அந்த முடிவு சரியா? பெயரில்லாத பதிவு ஆள்மாறாட்டத்துக்கு வழிவகுக்கும். பெண்ணைக் கணவரின் நிழலாகவே அரசு ஏற்றுக்கொண்டதாகவும் ஆகியிருக்கும். அவ்வகையில் சென்னின் கண்டிப்பு பெண்களின் தனித்தன்மையை மதித்த செயலே. எனினும், அந்தக் கண்டிப்புக்கான விலையைக் கொடுத்தவர்கள் மரபை வகுத்தவர்களோ, பெயர் கேட்காமல் எழுதிச் சென்ற பணியாளர்களோ அல்லர். அதுவரை வாக்கே அறிந்திராத பெண்கள். கொள்கை சரியாக இருந்தும் அதன் சுமை எளியவர் மீதே இறங்கும் என்பதைப் பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் பலமுறை கண்டிருக்கிறேன்.

1953-இல் சூடான் நாட்டின் தேர்தலை நடத்தித் தந்த சென், மறு ஆண்டு பத்ம பூஷண் விருது பெற்றார். 1958-இல் ஓய்வு பெற்று, பின்னர் பர்துவான் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். 1963-இல் மறைந்தார். வாக்களிக்கும் வயது 1989-இல் 18 ஆகக் குறைந்தது. 2019 மக்களவைத் தேர்தலில் பெண்களின் வாக்குப்பதிவு விகிதம் ஆண்களின் விகிதத்தை விஞ்சியது. தம் பெயரைச் சொல்லத் தயங்கிய தலைமுறையின் பேத்திகள் அந்த வரிசையில் நின்றார்கள்.

வாக்குரிமையைச் சட்டம் வழங்கலாம். அது கைக்கு வந்து சேர்வது பட்டியலில் உள்ள ஒரு வரியின் வழியாகவே. பட்டியல் திருத்தப்படும்போதெல்லாம் போலிப் பதிவுகளைக் களைவது கடமை. தகுதியுள்ள ஒருவரும் விடுபடாமல் காப்பது அதனினும் பெரிய கடமை. விடுபட்டவரைத் தேடிச் செல்ல வேண்டியது அரசே அன்றி, அரசைத் தேடி அவர் அலையக் கூடாது. அந்த 28 லட்சம் பெண்கள் நமக்கு விட்டுச் சென்ற பாடம் இதுவே.